பூவுக்குள் தலை விட்ட பச்சைப் பல்லி

உங்கள் தோட்டத்துப் பூக்களுக்கு யார் வந்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மொரிஷியஸில், கத்ர் போர்ன் ஊரில் எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு பல்லி.

மூன்று வருஷத்துக்கு முன்னால் பின்கட்டில் இரண்டு பூக்ல் தொரேய் கன்றுகள் வைத்தேன். 1992-இல் மொரிஷியஸ் குடியரசானபோது தேசிய மலரானது இதுதான். இயற்கையாக வளர்வது லெ மோர்ன் மலையில் மட்டும். பிரெஞ்சில் அந்தப் பெயருக்குக் கம்மல் என்று பொருள். பெயருக்கேற்ற மாதிரி கம்மல் போலத் தொங்கும் சிவப்புப் பூ. உள்ளே ஊறும் தேனும் சிவப்பு. முதல் வருஷம் பூத்தது, ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

மறுவருஷம் ஒரு காலையில் நீலவால் பச்சைப் பல்லி ஒன்று காம்பைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பூவுக்குள் நக்கிக்கொண்டிருந்தது. அம்மா விளக்குமாற்றோடு வந்துவிட்டார். தலையில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்க்கிற வீடு எங்களுடையது. “கொஞ்சம் பொறும்மா” என்று தடுத்தேன். அது தலையை வெளியே எடுத்தபோது தாடையெல்லாம் மகரந்தம். அப்படியே அடுத்த செடிக்குத் தாவியது. அம்மா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நம் தீவில் பல்லிகள் பூச்சியோடு தேனும் குடிக்கும், மகரந்தமும் சுமக்கும். நிறமில்லாத தேனையும் நிறமுள்ள தேனையும் வைத்துச் சோதித்தபோது நிறமுள்ளதைத்தான் தேடிப் போயின. இன்னொன்று: பூக்ல் தொரேயின் உறவுச்செடி ஒன்றைக் காட்டில் ஆராய்ந்தவர்கள், தாழைப் புதருக்குப் பக்கத்தில் நிற்கும் செடிகளில்தான் அதிகம் காய்ப்பதைக் கண்டிருக்கிறார்கள். பல்லி ஒளிந்துகொள்ளத் தாழையின் முள்மடல் இடுக்கு வேண்டும். புதரை விட்டு அதிக தூரம் போகாது. தாழை என்றால் நாம் வாக்வா என்கிறோமே, அதுதான். தீவுக்கே உரிய வகையாகக் கேட்டு ஒன்று வாங்கிப் பக்கத்தில் நட்டேன். போன வருஷம் ஐந்து காய்.

*

உங்கள் பல்லிக் கதையைப் படித்துவிட்டுக் கியூர்பிப்பிலிருந்து எழுதுகிறேன், அண்ணா. எங்கள் வேலி முழுக்கச் சீனக் கொய்யா. பெயர்தான் சீனம், வந்தது பிரேசிலிலிருந்து. உப்பும் மிளகாயும் தொட்டு அந்தப் பழம் சாப்பிடாத பிள்ளை இங்கே உண்டா? ஆனால் காட்டுக்குள் நெருக்கமாக முளைத்து நாட்டு மரக்கன்று எதையும் எழவிடாமல் செய்கிறது. இந்தத் தீவின் பழைய காட்டில் நல்ல நிலையில் மிஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு பங்குகூட இல்லை. பறவை தின்று விதையைக் காட்டில் போடுமே என்ற கவலையில் வேலியை வேரோடு எடுத்தேன். மனசு வலித்தது, உண்மைதான். அந்த இடத்தில் நாட்டுச் செடிகள் வைத்திருக்கிறேன். இப்போது பிக்பிக் குருவிகள் கூட்டமாக வந்து இலை இலையாகப் பூச்சி பொறுக்குகின்றன.

*

அண்ணா, பூவில் எறும்பு ஏறுகிறதா என்று பாருங்கள். இங்கே மலைக்காட்டில் ரூசேயா என்ற கொடி இருக்கிறது. உலகத்திலேயே மொரிஷியஸில் மட்டும் உள்ளது. அதன் மகரந்தத்தைச் சுமப்பதும் விதையைப் பரப்புவதும் உங்கள் நீலவால் பல்லிதான். வெளியிலிருந்து வந்த வெள்ளைக்கால் எறும்பு மாவுப்பூச்சியை வளர்க்க அந்தப் பூவில் கூடாரம் கட்டிவிட்டால் பல்லி கிட்டே வராது. என் செம்பருத்தியிலும் எறும்பு மொய்த்த பூவை விட்டு அது விலகிப் போவதைப் பார்த்தேன். மருந்து அடிக்காதீர்கள், பல்லியும் போய்விடும். நான் மாவுப்பூச்சியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுகிறேன்.

*

அக்கா, எறும்பு விஷயம் எனக்குப் புதிது. சாயங்காலமே பார்த்தேன், ஒரு மொட்டில் ஏறியிருந்தது, கழுவிவிட்டேன். இரண்டு காய் முற்றி வருகின்றன. வெடிக்கும் முன்னால் பறித்து உங்கள் இருவருக்கும் விதை எடுத்து வைக்கிறேன். வாக்வா நட இடம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள்.