பேசுற ஆளின்ட வாய் திறந்திருக்கணுமா, இல்லையா?

வாவிக்கரை:
"பத்திரிகையில வாற கேலிச்சித்திரத்தில யார் வாய் திறந்திருந்தா என்ன, கீழ வசனம் இருக்குதானே" எண்டு நேற்று ஒருத்தர் எழுதியிருக்கார். படிச்சதும் பத்திக்கொண்டு வந்தது. பேசுறவரின்ட வாய் மட்டும்தான் திறந்திருக்கணும். ரெண்டு வாயும் திறந்திருந்தா வசனம் யாருடையது எண்டு தேடுறதிலயே சிரிப்பு செத்திரும்.

கல்லடியான்:
எழுதினது நான்தான். முகத்துக்கு நேரே சொல்லலாமே. வசனத்துக்கு முன்னால "மீன்காரர்:" எண்டு பேசுறவரின்ட பெயரைப் போட்டா முடிஞ்சுது.

வாவிக்கரை:
முடியாது. ஐஸில வெச்ச பழைய மீனை, வாவியில புதுசாப் பிடிச்சதெண்டு விக்கிற படம் ஒண்டு. அதின்ட வசனம்: "கேக்காம வாங்கினா வாவி மீன், கேட்டா ஐஸ் மீன்." வாங்குறவரின்ட வாய் திறந்திருந்தா இது முறைப்பாடு. விக்கிறவரின்ட வாய் திறந்திருந்தா ஒப்புதல் வாக்குமூலம், அங்கதான் சிரிப்பு. "ஐஸ் மீன்" கடைசியில நிக்கிறதும் அதுக்குத்தான். பெயர் போட்டா வாசிக்க முன்னமே குட்டு உடைஞ்சிரும்.

கல்லடியான்:
அச்சில வாயே தெரியாது, பேச வந்திட்டார்.

வாவிக்கரை:
கீறத் தெரியாட்டித் தெரியாதுதான். 3 அங்குலத்துக்கு வாற படத்தை 6 அங்குலத்தில கீறுறம். பாதியாச் சுருங்கக்குள்ள 0.2 மில்லிமீற்றர் கோடு 0.1 ஆகி, மட்டத் தாளில அறுந்திரும். வாய்க்குள்ள நெருக்கிக் கோடு போட்டா மை அப்பிக்கொள்ளும். முழுக் கறுப்பா நிரப்பி, பல்லுக்கு ஒரு வெள்ளைக் கீற்று விடணும்.

அக்கரையூரான்:
ஓவியர் கோபுலு ஆனந்த விகடனில வசனமே இல்லாமக் கீறினாரே, எந்த வாயத் திறந்தார்?

வாவிக்கரை:
அங்க பேசுற ஆளே இல்ல. வசனம் இருந்தா, பேசுறவரின்ட வாய் திறந்திருக்கணும்.

அக்கரையூரான்:
அது கிடக்கட்டும். சிரித்திரன் நகைச்சுவைச் சஞ்சிகையில ஓவியர் சுந்தர் தன்ட கேலிச்சித்திரப் பாத்திரம் சவாரித் தம்பரை யாழ்ப்பாணப் பேச்சில பேச வெச்சார். நம்மட மட்டக்களப்பு ஆக்களுக்கு ஊர்ப் பேச்சில "மறுகா" (பிறகு), "என்னகா" (என்னங்க) எண்டு வசனம் எழுத ஏன் கூச்சம்?

கல்லடியான்:
"மறுகா" கொழும்பில விளங்குமா?

அக்கரையூரான்:
தம்பர் பேசினது மட்டக்களப்பில விளங்கல்லையா? உங்களுக்கு ஊர்ப் பேச்செண்டாலே இளக்காரம், போன முறையும் இதத்தான் சொன்னீங்க.

கல்லடியான்:
போன முறை நீங்க சொன்னதையும் நான் மறக்கல்ல.

வாவிக்கரை:
"என்னகா" எழுதுங்க, வேணாமெண்டு யார் சொன்னது? அதைச் சொல்ற ஆளின்ட வாயைத் திறந்து கீறுங்க.

கல்லடியான்:
பெயர் போட்டாப் போதும்.

வாவிக்கரை:
போதாது.