ஓ.சி. டெஸ்டில் பவர் ஃபேக்டர் 1.53 வருகிறது: வாட்மீட்டரை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

காந்தப்பாதை:
வணக்கம். இரண்டாம் ஆண்டு இ.இ.இ. லேபில் 1 கே.வி.ஏ., 230/115 வோல்ட், ஒற்றை ஃபேஸ் டிரான்ஸ்ஃபார்மர். ஹெச்.வி. (230 வோல்ட்) பக்கத்தைத் திறந்து வைத்து, எல்.வி. (குறைந்த வோல்டேஜ்) பக்கம் 115 வோல்ட் கொடுத்து ஓ.சி. டெஸ்ட் (ஓப்பன் சர்க்யூட்: லோடில்லாமல் கோர் லாஸை அளக்கும் சோதனை) செய்கிறார்கள். வாட்மீட்டர் 150 வோல்ட், 2 ஆம்பியர், எல்.பி.எஃப். (குறைந்த பவர் ஃபேக்டருக்கான வகை) 0.2. ஸ்கேலில் 120 பிரிவுகள். மூன்று பேட்சுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். ஆனால் பவர் ஃபேக்டர் (வாட் ÷ வி.ஏ.; ஒன்றைத் தாண்டவே முடியாது) ஒரு பேட்சுக்கு 0.31, இன்னொன்றுக்கு 0.37, மற்றொன்றுக்கு 1.53. ஒன்றுக்கு மேல் போகிறதே என்று யாரும் நிற்பதில்லை. சைன் ஃபை கண்டுபிடிக்கப் போய் கால்குலேட்டர் 'மேத் எரர்' காட்டிய பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள். விடை சரியாக வந்தவர்களுக்கும் ஏன் சரி என்று சொல்லத் தெரியவில்லை. மூன்று மணி நேர லேபுக்குள் இதை எப்படிப் புரியவைப்பது?

காயில் கணக்கு:
முதலில் 1.53. முள் 48-இல் நின்றிருக்க வேண்டும். முழு ஸ்கேல் 150 × 2 × 0.2 = 60 வாட். அதை 120 பிரிவுக்குப் பங்கிட்டால் பிரிவுக்கு 0.5 வாட், ஆக 24 வாட். கரண்ட் 0.68 ஆம்பியர் என்றால் 115 × 0.68 = 78.2 வி.ஏ.; பவர் ஃபேக்டர் 0.307. அந்த 0.2-ஐ விட்டுவிட்டால் பிரிவுக்கு 2.5 வாட் ஆகிவிடும்: 120 வாட், 1.53.

இதை வெறும் மறதி என்று தள்ளிவிடாதீர்கள். டயலில் எழுதியிருக்கும் 0.2 என்பது லோடின் பவர் ஃபேக்டர் என்றுதான் பெரும்பாலான மாணவர்கள் நினைக்கிறார்கள். "லோடின் பவர் ஃபேக்டரே தெரியாதபோது அதை வைத்து ஏன் பெருக்க வேண்டும்?" என்று அவர்கள் விட்டுவிடுவதில் ஒரு நியாயம்கூட இருக்கிறது. 0.2 மீட்டரைப் பற்றிய தகவல். முழு வோல்டேஜும் முழு கரண்டும் 0.2 பவர் ஃபேக்டரில் வந்தால் முள் கடைசிப் பிரிவைத் தொடும்படி ஸ்பிரிங்கை மெலிதாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அதே மீட்டரில் பல்பு லோடு போட்டால் 150 வோல்ட், 0.4 ஆம்பியரிலேயே முள் கடைசிக்குப் போய்விடும். இதை ஒருமுறை நேரில் காட்டுங்கள்.

பெருக்கல் காரணிக்கான சூத்திரத்தைப் போர்டில் எழுத வேண்டாம். ஒயர் எடுக்கும் முன்பே அப்சர்வேஷன் நோட்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: முழு ஸ்கேல் எத்தனை வாட், ஒரு பிரிவு எத்தனை வாட், முள் ஏறத்தாழ எங்கே நிற்கும் என்று எதிர்பார்க்கிறாய். மூன்றாவது வரி இல்லாமல் மெயின் ஸ்விட்ச் போட அனுமதிக்கக் கூடாது. கரண்ட் ரேஞ்சை மாற்றும் லிங்க் பட்டைகள் சீரிஸில் இருக்கின்றனவா, பேரலலிலா என்பதும் அந்த வரிகளுக்குள் வந்தாக வேண்டும். 1/2 ஆம்பியர் மீட்டரில் பட்டை சீரிஸில் இருந்தால் ரேஞ்ச் 1 ஆம்பியர். அதை 2 என்று எடுத்தால் விடை இரு மடங்காகிவிடும்.

பக்கத்திலேயே 150 வோல்ட், 5 ஆம்பியர் யு.பி.எஃப். (பவர் ஃபேக்டர் 1-க்கான வகை) மீட்டர் ஒன்றையும் வையுங்கள். முழு ஸ்கேல் 750 வாட். ஐ.எஸ். 1248 என்ற இந்தியத் தர நிர்ணயத்தின்படி கிளாஸ் 1 என்பது முழு ஸ்கேலில் 1%, அதாவது எந்த இடத்தில் படித்தாலும் 7.5 வாட் வரை பிழை இருக்கலாம். நாம் அளக்கப் போவதோ 24 வாட். எல்.பி.எஃப். மீட்டரில் அதே 1% வெறும் 0.6 வாட்தான்.

பிரஷர்காயில்:
மேலே சொன்னது 1.53-க்குப் பதில். 0.37 அதைவிடச் சுவாரசியம், ஏனென்றால் அந்த பேட்ச் கணக்கில் எந்தத் தவறும் செய்திருக்க வாய்ப்பில்லை. இணைப்பைப் பாருங்கள். வாட்மீட்டரில் எம் (சப்ளை பக்கம்), எல் (லோடு பக்கம்) இரண்டும் கரண்ட் காயிலின் முனைகள்; சி என்பது வோல்டேஜை உணரும் பிரஷர் காயிலின் முனை. சி-யை எல்-உடன் சேர்த்திருப்பார்கள், வோல்ட்மீட்டரையும் லோடு பக்கம் வைத்திருப்பார்கள். அப்படியானால் பிரஷர் காயில் தின்னும் வாட்டும் வோல்ட்மீட்டர் தின்னும் வாட்டும் கரண்ட் காயில் வழியாகத்தான் போகும். மீட்டர் அதையும் சேர்த்துக் காட்டும்.

சப்ளையை அணைத்துவிட்டு, மீட்டரைச் சுற்றிலிருந்து கழற்றி, சி-க்கும் 150 வோல்ட் முனைக்கும் இடையே மல்டிமீட்டரில் ரெசிஸ்டன்ஸ் எடுக்கச் சொல்லுங்கள். 4.4 கிலோ ஓம் வந்தால் 115² / 4400 = 3 வாட். வோல்ட்மீட்டர் மூவிங் அயர்ன் வகை, 5.3 கிலோ ஓம் என்றால் இன்னொரு 2.5 வாட். ஆக 24-க்குப் பதில் 29.5 வாட். அம்மீட்டரும் 0.696 காட்டும். பவர் ஃபேக்டர் 0.37. உங்கள் பேட்சின் எண் அப்படியே வந்துவிட்டது.

நோ-லோடு கரண்ட் சிறியது என்பதால் இந்த டெஸ்டுக்கு எம்-சி இணைப்புதான் (சி-யை எம்-உடன் சேர்ப்பது) பொருத்தம். கரண்ட் காயில் ரெசிஸ்டன்ஸ் 0.4 ஓம் என்றால் சேரும் பிழை 0.68² × 0.4, ஏறத்தாழ 0.18 வாட். வோல்ட்மீட்டரை வாட்மீட்டருக்கும் அம்மீட்டருக்கும் முன்னால், சப்ளை பக்கம் நகர்த்திவிடுங்கள்.

ஆனால் இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட முள்ளைக் காட்டிப் புரியவைப்பது எளிது. எல்-சி இணைப்பை அப்படியே வைத்து, டிரான்ஸ்ஃபார்மருக்குப் போகும் ஒயரை மட்டும் கழற்றிவிட்டு 115 வோல்ட் கொடுங்கள். லோடே இல்லை, ஆனாலும் முள் 11 பிரிவு ஏறி நிற்கும். வோல்ட்மீட்டரையும் கழற்றினால் 6-க்கு இறங்கும். சப்ளையை அணைத்து எம்-சி-க்கு மாற்றி மறுபடி கொடுத்தால் பூஜ்யம். பத்து நிமிட வேலை. 'பிரஷர் காயில் லாஸ்' என்று போர்டில் எத்தனை முறை எழுதினாலும் இந்த 11 பிரிவுக்கு ஈடாகாது.

ஒரு எச்சரிக்கை. சில எல்.பி.எஃப். மீட்டர்களுக்குள் ஈடுசெய்யும் காயில் இருக்கும். பிரஷர் காயில் கரண்டையே கரண்ட் காயிலின் மேல் எதிர்த் திசையில் சுற்றி அனுப்பி, அந்த 3 வாட்டைக் கழித்துவிடுவார்கள். அந்த வகை மீட்டரை எல்-சி-யில்தான் இணைக்க வேண்டும். எம்-சி-யில் இணைத்தால் இல்லாத லாஸைக் கழித்து 3 வாட் குறைவாகக் காட்டும். உங்கள் மீட்டர் எந்த வகை என்று மேலே சொன்ன லோடில்லாச் சோதனையே சொல்லிவிடும்: எம்-சி-யில் முள் பூஜ்யத்துக்குக் கீழே தள்ளினால் ஈடுசெய்த வகை.

பாடத்தில் பக்கம் பக்கமாக வரும் பிரஷர் காயில் இண்டக்டன்ஸ் பிழையையும் இங்கே எடை போட்டுக் காட்டலாம். 10 மில்லி ஹென்றி, 4.4 கிலோ ஓம், 50 ஹெர்ட்ஸ் என்றால் டான் பீட்டா (பீட்டா: பிரஷர் காயில் கரண்ட் பின்தங்கும் கோணம்) 0.0007. பவர் ஃபேக்டர் 0.3-இல் டான் ஃபை 3.2. இரண்டையும் பெருக்கினால் பிழை 0.23% மட்டுமே. அதே மீட்டரில் இணைப்பை மாற்றினால் வரும் பிழை 12%. தேர்வில் கேட்பது முதலாவதை. லேபில் விடையைக் கெடுப்பது இரண்டாவது.

ஐம்பது ஹெர்ட்ஸ்:
மேலே உள்ளவர்கள் சொன்னதோடு உடன்படுகிறேன். கரண்ட் பக்கத்தையும் கொஞ்சம் கவனியுங்கள். நோ-லோடு கரண்ட் சைன் அலை கிடையாது. கோர் சாச்சுரேஷனால் நடுவில் கூராக எழும். சராசரியை அளந்து 1.11-ஆல் பெருக்கிக் காட்டும் விலை குறைந்த கிளாம்ப் மீட்டரை வைத்தால் கரண்ட் குறைவாகத் தெரியும், பவர் ஃபேக்டர் அந்த அளவு கூடும். மூவிங் அயர்ன் அம்மீட்டர் அல்லது ட்ரூ ஆர்.எம்.எஸ். மீட்டர் மட்டும் பயன்படுத்துங்கள். அம்மீட்டர் ரேஞ்ச் 0–1 ஆக இருக்கட்டும். 0–10 வைத்தால் 0.68 என்பது ஸ்கேலின் நெருக்கமான அடிப்பகுதியில் போய் விழும், படிக்கவே முடியாது.

வேரியாக் (வோல்டேஜை ஏற்றி இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) பூஜ்யத்தில் இருக்கும்போதுதான் சப்ளை கொடுக்க வேண்டும். 115 வோல்ட்டில் வைத்து ஸ்விட்சைத் தட்டினால் இன்ரஷ் கரண்ட் (ஸ்விட்ச் போட்ட கணத்தில் பாய்வது) ரேட்டட் கரண்டைப் போலப் பல மடங்கு பாயலாம்; 1 ஆம்பியர் அம்மீட்டரும் 2 ஆம்பியர் கரண்ட் காயிலும் அதற்கானவை அல்ல. ஏற்றும்போது 115-ஐத் தாண்டிவிட்டுக் கீழே இறக்குவதும் கூடாது. மூன்று மீட்டரையும் மூன்று பேர் ஒரே நேரத்தில் படிக்க வேண்டும். வோல்டேஜ் 5% ஏறினால் கோர் லாஸ் ஏறத்தாழ 10% ஏறும், கரண்ட் அதைவிட வேகமாக ஏறும். திறந்து கிடக்கும் ஹெச்.வி. முனைகளில் 230 வோல்ட் இருக்கிறது. "ஓப்பன்தானே" என்று கை வைப்பார்கள். மூடி போடாமல் ஆரம்பிக்க வேண்டாம்.

காந்தப்பாதை:
மிக்க நன்றி. லோடில்லாச் சோதனையை அடுத்த லேபிலேயே முதல் வேலையாக வைக்கிறேன். இன்னொன்று: எஸ்.சி. டெஸ்டில் (ஷார்ட் சர்க்யூட்: எல்.வி. முனைகளை ஷார்ட் செய்து, ஹெச்.வி. பக்கம் குறைந்த வோல்டேஜ் கொடுத்து காப்பர் லாஸை அளப்பது) 12 வோல்ட், 4.35 ஆம்பியர், 35 வாட் வருகிறது. 75 வோல்ட், 5 ஆம்பியர் யு.பி.எஃப். மீட்டரில் முள் அடியிலேயே கிடக்கிறது. மேனுவலில் எஸ்.சி.-க்கு யு.பி.எஃப். என்றுதான் இருக்கிறது.

பிரஷர்காயில்:
மேனுவல் பவர் ஃபேக்டரை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறது. 35 / 52.2 = 0.67, உண்மைதான், குறைவில்லை. ஆனால் வோல்டேஜ் 75-க்கு 12 மட்டுமே வருகிறதே. யு.பி.எஃப். முழு ஸ்கேல் 375 வாட். அதில் 35 பத்தில் ஒரு பங்குகூட இல்லை. 75 வோல்ட், 5 ஆம்பியர், 0.2 எல்.பி.எஃப். மீட்டரை எடுத்தால் முழு ஸ்கேல் 75 வாட், முள் கிட்டத்தட்ட நடுவில் நிற்கும். வோல்டேஜும் ரேஞ்சுக்குள், கரண்டும் ரேஞ்சுக்குள், வாட்டும் ரேஞ்சுக்குள். தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இங்கே இணைப்பு எல்-சி. 75 வோல்ட் முனையில் 2.2 கிலோ ஓம் என்றால் 12 வோல்ட்டில் பிரஷர் காயில் எடுப்பது 0.07 வாட். எம்-சி வைத்தால் 5 ஆம்பியர் கரண்ட் காயிலின் 0.08 ஓமுக்கே 1.5 வாட் சேர்ந்துவிடும். வோல்ட்மீட்டரையும் இந்த முறை டிரான்ஸ்ஃபார்மர் முனைகளிலேயே நேராக வையுங்கள். அம்மீட்டர், கரண்ட் காயில், ஒயர் ஆகியவற்றின் டிராப் 12 வோல்ட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவு இருக்கும். ஷார்ட் செய்யும் ஒயர் எல்.வி. பக்கத்தின் 8.7 ஆம்பியரைத் தாங்க வேண்டும். அது மெலிதாகவோ முனை தளர்வாகவோ இருந்தால், 0.05 ஓமுக்கே 3.8 வாட் காப்பர் லாஸில் சேர்ந்துவிடும். 2.5 சதுர மி.மீ. காப்பர் ஒயரைக் குட்டையாக வெட்டி, திருகை இறுக்கிப் போடுங்கள்.