பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனுக்கு 2,950 ரூபாய் கேட்கிறார்கள், கட்டலாமா?

திருமங்கலத்தான்:
தம்பி பி.காம். முடித்தவன். மதுரை இலந்தைக்குளம் ஐ.டி. பார்க்கில் அக்கவுண்ட்ஸ் வேலை என்று ஒரு கன்சல்டன்சியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஆஃபர் லெட்டர் வந்திருக்கிறது. சம்பளம் 19,000. வெரிஃபிகேஷனுக்கு, அதாவது சான்றிதழ், விவரங்களைச் சரிபார்க்க, 2,500, ஜி.எஸ்.டி. சேர்த்து 2,950 ரூபாயை நாளை மதியத்துக்குள் ஜிபே பண்ணச் சொல்கிறார்கள். இப்படிக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டா?

புதூர் எச்.ஆர்.:
கட்ட வேண்டாம் அண்ணே. விண்ணப்பிப்பவரிடம் இந்தச் செலவை வாங்கக் கூடாது என்று நேராகச் சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் கிடையாது, உண்மைதான். ஆனால் சரிபார்க்கிற ஏஜென்சிக்கு வேலை கொடுப்பது கம்பெனி. பில் போவதும் கம்பெனிக்கே. தம்பி கொடுக்க வேண்டியது சம்மதக் கையெழுத்தும் சான்றிதழ் நகலும்தான். ஒரிஜினல் எதையும் கொடுக்கக் கூடாது. ஆதாரில் கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரிகிற மாஸ்க்டு நகல் போதும்.

ஜி.எஸ்.டி. கேட்கிறார்கள் அல்லவா, அங்கேயே பிடியுங்கள். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணோடு பில் கேளுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் இருக்கிறது, பதிவு உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஜிபேயில் தனிநபர் பெயர் வந்தால் மேற்கொண்டு பேசவே தேவையில்லை. அடுத்து, லெட்டரில் உள்ள நம்பரை விட்டுவிட்டு, கம்பெனியின் சொந்த இணையதளத்தில் உள்ள நம்பருக்கு அடித்து, இந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்களா என்று கேளுங்கள்.

மேலூர் வாசகி:
ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சில கம்பெனிகள் போலீஸ் வெரிஃபிகேஷன் சான்று எடுத்து வரச் சொல்லும். அது வேறு கணக்கு. தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவையில் நாமே விண்ணப்பித்து, கட்டணத்தை அந்தத் தளத்திலேயே கட்ட வேண்டும். ‘நாங்களே எடுத்துத் தருகிறோம், பணத்தை எங்களுக்கு அனுப்புங்கள்’ என்றால் நம்ப வேண்டாம். பாஸ்போர்ட் ஆபீஸில் 500 ரூபாய்க்குக் கிடைக்கிற பி.சி.சி. (போலீஸ் கிளியரன்ஸ் சான்று) வெளிநாடு போகிறவர்களுக்கானது, உள்ளூர் வேலைக்கு அதை எடுத்துக் காசை வீணாக்காதீர்கள்.

திருமங்கலத்தான்:
நன்றி. பில் கேட்டதும் பேச்சு மாறிவிட்டது. ‘இப்போது கட்ட வேண்டாம், சேர்ந்த பிறகு முதல் சம்பளத்தில் பிடித்துக்கொள்வோம்’ என்கிறார்கள். இது பரவாயில்லையா?

தொழிலாளர் சட்டம் பார்ப்பவர்:
இதற்குத்தான் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு 2019, பிரிவு 18. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: பி.எஃப்., வருமான வரி, வேலைக்கு வராத நாள், அட்வான்ஸ், கடன் இப்படி. வெரிஃபிகேஷன் செலவு அதில் இல்லை. பட்டியலில் இல்லாததைப் பிடிக்க முடியாது. சம்பளத்தை முழுசாகக் கொடுத்துவிட்டு, ‘2,950-ஐத் திருப்பி அனுப்பு’ என்று கேட்டாலும் தப்ப முடியாது. தொழிலாளி முதலாளிக்கோ அவருடைய ஏஜென்ட்டுக்கோ கொடுக்கும் பணத்தையும் பிடித்தமாகவே அந்தப் பிரிவு கருதுகிறது. 1936-ஆம் ஆண்டு ஊதியப் பட்டுவாடா சட்டத்திலும் இதே விளக்கம் இருந்தது.

இதில் ஒரு ஓட்டை உண்டு, தம்பியிடம் அழுத்திச் சொல்லுங்கள். சேருகிற அன்று நீட்டும் காகிதக் கட்டில் ‘அட்வான்ஸ் பெற்றுக்கொண்டேன்’ என்று ஒரு தாள் இருக்கலாம். அட்வான்ஸைப் பிடிக்கச் சட்டம் இடம் கொடுப்பதால், செலவை அந்தப் பெயரில் எழுதி வாங்குவார்கள். கையில் வாங்காத பணத்துக்குக் கையெழுத்துப் போடக் கூடாது.

மீறிப் பிடித்தால் சம்பளச் சீட்டை வைத்து, மதுரை தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுத்தில் கொடுக்கலாம். கோரிக்கைக்கு மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. பிடித்த பணத்தோடு, அதில் பத்து மடங்கு வரை இழப்பீடு போடவும் அதிகாரிக்கு உரிமை இருக்கிறது.

புதூர் எச்.ஆர்.:
இதே ஆட்களிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் யாராவது படித்தால்: தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள். யு.பி.ஐ. ரசீதில் உள்ள 12 இலக்க எண், தேதி, நேரம் கேட்பார்கள். சீக்கிரம் சொன்னால் பணம் கைமாறும் முன் வங்கியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள்; பாரதிய நியாய சன்ஹிதா (இப்போதைய குற்றவியல் தண்டனைச் சட்டம்) 318-ஆம் பிரிவில் மோசடி வழக்குப் பதிய அதுதான் சான்று.