சவுண்ட்ஸ்டேஜுக்குத் தமிழில் என்ன? (வெள்ளிக்குள் வேண்டும்)

செ., கோவை:

அனைவருக்கும் வணக்கம். ஒரு கடையின் ஹெட்போன் ஒப்பீட்டுப் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உயர்விலைச் சரக்கு. அட்டவணைத் தலைப்புகளில் பெரும்பாலானவற்றை முடித்துவிட்டேன். ஓப்பன்-பேக் (காதுக் கிண்ணத்தின் பின்புறம் திறந்திருக்கும் வகை) என்பதற்கு முன்பு யாரோ 'திறந்த முதுகு' என்று போட்டிருந்தார்கள், ரவிக்கை விளம்பரம் மாதிரி இருந்தது. 'திறந்த கூடு', 'மூடிய கூடு' என்று மாற்றியாயிற்று. மாட்டிக்கொண்டது சவுண்ட்ஸ்டேஜில்தான். கேட்கும்போது பாடுகிறவர் எங்கே, வயலின் எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று காதுக்குத் தோன்றுகிறதே, அந்த இடம். கைப்பேசித் திரையில் தலைப்புக்கு ஒரு சொல்தான் கொள்ளும். இப்போதைக்கு 'ஒலிமேடை' என்று வைத்திருக்கிறேன். மனம் ஒப்பவில்லை. வெள்ளி மாலை கெடு.

ந., தஞ்சை:

அம்மா, மேடை வேண்டாம். மேடு என்பதிலிருந்து மேடை. உயர்த்திக் கட்டிய இடம் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. அரங்கு என்பதே சொல். நாற்பது ஆண்டு வகுப்பில் நடத்திய பகுதி என்பதால் சற்று நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்க. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் அரங்கை அளக்கும் முறையே வருகிறது. கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கில், அதில் 24 விரல் கொண்டது ஒரு கோல். அந்தக் கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். தரைப் பலகைக்கும் மேலே உத்தரப் பலகைக்கும் நடுவே 4 கோல் வெளி. உங்கள் பொருளுக்கும் அகலம், ஆழம், உயரம் மூன்றும் உண்டு என்கிறார்கள். ஒலி, அரங்கு, நடுவில் யகர உடம்படுமெய். ஒலியரங்கு.

பா., சேலம்:

அரங்கு 'ரங்க' என்ற வடசொல்லின் திரிபு என்று சொல்ல ஒரு கூட்டம் வரும், அதற்கு முன்னால் எழுதிவிடுகிறேன். அரங்கு என்றால் ஆற்றிடைக்குறை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடப்பதால்தான் திருவரங்கம். ஆறு அரித்து ஒதுக்கிய நிலம், அரி, அரங்கு. அதிலிருந்து தனித்து ஒதுக்கிய இடம் எல்லாமே அரங்கு ஆயிற்று. இரும்பு அராவும் அரம் என்ற கருவியையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். ஆக, சொல் தூய தமிழ். ஆனாலும் இந்த இடத்துக்குப் பொருந்தாது, கட்டடம் நினைவுக்கு வரும். என் பரிந்துரை: ஒலிப்பரப்பு. ஒலியின் பரப்பு.

த., டொராண்டோ:

ஐயா, அரமும் அரங்கும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்குச் சான்று வேண்டும், அதை வேறு இழையில் பார்ப்போம். நான் யாழ்ப்பாணத்தில் படித்தவன். எங்களுக்கு இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் கேட்டு வளர்ந்த காது. 'ஒலிப்பரப்பு' என்று கண்டால் வானொலி என்றுதான் வாசிப்போம்.

ந., தஞ்சை:

இலக்கணம் இரண்டையும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. ஒலியைப் பரப்புவது ஒலிபரப்பு, இரண்டாம் வேற்றுமைத் தொகை, வல்லினம் மிகவில்லை. ஒலியின் பரப்பு ஒலிப்பரப்பு, ஆறாம் வேற்றுமைத் தொகை, நிலைமொழி அஃறிணை, மிகும். சேலத்துக்காரர் அமைத்தது பிழையற்ற சொல். சந்தி தெரிந்தவனுக்கு மட்டும் விளங்கும் என்பதே அதன் குறை.

செ., கோவை:

ஒரு 'ப்'-ஐ நம்பி நான் கடைக்காரரிடம் போக முடியாது, ஐயா. பிழைதிருத்தி வைத்திருக்கிற பையன் அதை எடுத்துவிட்டு எனக்கே நன்றி சொல்வான்.

கா., சென்னை (ஒலிப்பதிவு):

நண்பர்களே, பொருள் என்ன என்று முதலில் பிடிப்போம். ஒலிபெருக்கியில் கேட்கும்போது இடப்பக்கத்து ஒலி வலக்காதுக்கும் போகும், கொஞ்சம் தாமதமாக, கொஞ்சம் மங்கலாக. பக்கவாட்டில் நேராக வரும் ஒலிக்கு அந்தத் தாமதம் ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது, 0.6, 0.7 மில்லிநொடிதான். அதை வைத்தும், காது மடலின் மடிப்புகள் ஒலியை மாற்றுவதை வைத்தும் மூளை திசை கண்டுபிடிக்கிறது. ஹெட்போனில் இடது இடதுக்கு, வலது வலதுக்கு. அதனால்தான் பாட்டு தலைக்குள்ளேயே உட்கார்ந்துகொள்கிறது. இதைத் தளர்த்தத்தான் கூட்டைத் திறந்து வைப்பது, ஒலிப்பானை, அதாவது உள்ளே ஒலி எழுப்பும் பகுதியை, காதிலிருந்து தள்ளிச் சாய்த்து வைப்பது எல்லாம். சென்ஹைசர் 1968-இல் எச்டி 414 என்று மஞ்சள் பஞ்சு வைத்துத் திறந்த வகையைக் கொண்டுவந்தார்கள். 1997-இன் எச்டி 600-உம் திறந்ததுதான், ஆனால் அதில் பாடுகிறவர் நெற்றிக்குப் பக்கத்திலேயே நிற்பார். 2009-இல் வந்த எச்டி 800-இல் 56 மில்லிமீட்டர் வளைய ஒலிப்பானை முன்பக்கமாகச் சாய்த்து வைத்தார்கள், அதே பதிவு விரிந்து போகும். இரண்டுக்கும் மின்தடை 300 ஓம், இரண்டும் திறந்த கூடு, ஆனாலும் இடம் வேறு. பேயர்டைனமிக் நிறுவனத்தில் டிடி 770 மூடியது, 990 திறந்தது, நடுவே 880 பாதி திறந்தது. ஏகேஜி கே1000 காதைத் தொடாமலே தொங்கும்.

இன்னொன்று. இதை அளக்க எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒற்றை எண் கிடையாது. கடைக்காரர் அட்டவணையில் ஐந்துக்கு நாலு என்று போட்டிருந்தால் அது அவர் காது சொன்னது. ஓம் மாதிரி நினைத்துவிடாதீர்கள். அப்புறம், ஆங்கிலத்திலேயே இந்தச் சொல்லுக்குப் படப்பிடிப்புக் கூடம் என்றும் பொருள் உண்டு. நாம் அதை ஃப்ளோர் என்போம்.

சொல் என்னவாக இருந்தாலும் எனக்குச் சரி. ஸ்டூடியோவில் ஸ்டேஜ் என்றுதான் சொல்கிறோம்.

ம., திருச்சி (மிருதங்கம்):

காதில் மாட்டிக்கொண்டு கச்சேரிப் பதிவு கேட்கிறவன் நான், அதனால் நுழைகிறேன். பாடகருக்கு இடப்பக்கம் வயலின், வலப்பக்கம் மிருதங்கம். சபையில் உட்கார்ந்தால் நமக்கு மிருதங்கம் இடது, வயலின் வலது. மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்க்க வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைக்காரர். அப்படிப்பட்டவர் வாசித்தால் இடம் அப்படியே மாறும். புது ஹெட்போன் வாங்கப் போனால் நான் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தைத்தான் போட்டுப் பார்ப்பேன். மிருதங்கமும் கடமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கிறதா, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் காற்று இருக்கிறதா என்று தெரிந்துவிடும். பழைய மோனோ (ஒற்றைத் தட) பதிவைப் போட்டுச் சோதிக்காதீர்கள், எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கினாலும் எல்லோரும் நடுவிலேயே நிற்பார்கள். அரங்கு என்ற சொல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் அது கட்டடமா, உட்காரும் ஏற்பாடா?

ந., தஞ்சை:

நல்ல கேள்வி, தம்பி. 'அரங்கின்றி வட்டாடி யற்றே' என்று 401-ஆம் குறள். அங்கே அரங்கு என்பது வட்டாட்டத்துக்காகத் தரையில் கீறிய கட்டம். கூரையும் இல்லை, சுவரும் இல்லை. எந்தக் காய் எங்கே நிற்கும் என்று வரையறுத்த இடம், அவ்வளவே. வயலினுக்கு ஒரு கட்டம், மிருதங்கத்துக்கு ஒரு கட்டம். சேலத்தார் சொன்ன கட்டடச் சிக்கல் இதோடு தீர்ந்தது. அந்தக் குறளின் மறுபாதி நூல் கல்லாமல் அவையில் பேசுகிறவனைப் பற்றியது. யாரையும் மனத்தில் வைத்துச் சொல்லவில்லை.

பா., சேலம்:

யாரை வைத்துச் சொன்னீர்கள் என்று தெரிகிறது. வட்டாட்டம் ஆடுகிறவர் யார் இன்று? அரங்கு என்றால் கலைவாணர் அரங்கம்தான் மக்களுக்குத் தெரியும். வாழும் பொருளை விட்டுவிட்டுச் செத்த பொருளைத் தோண்டி எடுத்து அதன்மேல் சொல் கட்டினால் நிற்காது.

த., டொராண்டோ:

இலங்கையில் அது செத்த பொருள் அல்ல. பள்ளியில் 'நாடகமும் அரங்கியலும்' என்றே பாடம் உண்டு. அரங்கு என்றால் எங்களுக்குக் கட்டடத்துக்கு முன்னால் நிகழ்வுதான் வரும். நான் ஒலியரங்குக்கு.

வி., மதுரை:

எல்லோரும் பெரியவர்கள், மன்னிக்கவும். 20 வயதுப் பையன் இணையத்தில் 'சவுண்ட்ஸ்டேஜ்' என்றுதான் தேடுவான். ஒலியரங்கு என்று போட்டால் அந்தப் பக்கமே அவன் கண்ணில் படாது. தமிழ் எழுத்தில் அப்படியே போடுவதில் என்ன கேடு? சைக்கிள், கார், ரேடியோ எல்லாம் வாழவில்லையா? கணினித் தமிழ் பாதி இந்தக் குழுவிலேயே மடிந்துவிட்டது, நமக்குள் பேசிப் பேசி.

பா., சேலம்:

பலகையில் பேருந்து என்று எழுதினோம், வாயால் பஸ் என்றோம், இரண்டும் இருக்கின்றன. பலகையில் எழுதாமல் விட்டிருந்தால் பேருந்து இன்று இருக்காது. தேடுவது வேறு, எழுதுவது வேறு.

கா., சென்னை:

ஒன்று கேட்கலாமா? ஹெட்போனுக்கே இன்னும் முடிவாகவில்லையே. இங்கே எல்லோரும் ஹெட்போன் என்றுதான் எழுதுகிறோம், சேலத்து ஐயா உட்பட. ஜப்பானின் ஸ்டாக்ஸ் நிறுவனம் தன் மின்னிலை வகைக் கருவியை ஹெட்போன் என்று சொல்வதில்லை, இயர்ஸ்பீக்கர் என்கிறது. 1960-இல் வந்த எஸ்ஆர்-1 தொட்டே அவர்கள் வழி தனி. செய்கிறவன் பெயர் வைக்கிறான், மற்றவர்கள் பழகிக்கொள்கிறார்கள்.

பா., சேலம்:

நான் 'செவிப்பேசி' என்று எழுதிக்கொண்டிருந்தேன், யாரும் கவனிக்கவில்லை.

ம., திருச்சி:

ஐயா, அது பேசாது, நாம்தான் கேட்கிறோம்.

செ., கோவை:

செவிப்பேசிக்கு வேறு இழை தொடங்குங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நாளை வெள்ளி. இதுவரை வந்ததில் அரங்கு பக்கம்தான் கூட்டம். 'ஒலிவெளி' என்று ஒருவர் தனிமடலில் எழுதினார், எனக்கும் கொஞ்சம் ஆசைதான், ஆனால் வெளி என்றதும் விண்வெளிக்குப் போய்விடுகிறது, பக்கத்துக் கட்டத்தில் இருக்கிற கேபிள் நீளத்தோடு ஒட்டவில்லை. தலைப்பில் 'ஒலியரங்கு', அதைத் தொட்டால் கீழே விரியும் விளக்கத்தில் 'சவுண்ட்ஸ்டேஜ் என்பார்கள். இசைக்கருவிகள் எங்கெங்கே நிற்பதாகத் தோன்றுகிறது என்பது' என்று ஒரு வரி. மதுரைத் தம்பிக்குத் தேடல், தஞ்சை ஐயாவுக்குக் குறள். மதிப்பெண்ணை எடுத்துவிட்டு 'நெருக்கம், நடுத்தரம், விரிவு' என்று மூன்றே சொல் போடச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்டிருக்கிறேன். சென்னை அண்ணன் சொன்னதுதான் காரணம்.

வி., மதுரை:

விளக்கத்தில் அந்தச் சொல் வந்தால் எனக்குப் போதும்.

கா., சென்னை:

சரி. ஆனால் 'இமேஜிங்' என்று இன்னொன்று இருக்கிறது. அரங்கு எவ்வளவு அகலம் என்பது ஒன்று, அதற்குள் வயலின் கூர்மையாக ஓரிடத்தில் நிற்கிறதா, கலங்கித் தெரிகிறதா என்பது வேறு. எச்டி 600-இல் அரங்கு சின்னது, இடம் மட்டும் தெளிவு. அதற்கு என்ன செய்வீர்கள்?

செ., கோவை:

என் அட்டவணையில் அது இல்லை. நல்லவேளை.

பா., சேலம்:

பெரும்பான்மை அரங்கு என்கிறது, தெரிகிறது. ஒரு கடையின் பக்கத்தில் ஏறியதால் சொல் முடிவாகிவிட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கலைச்சொல் பட்டியலில் என் பெயரில் ஒலிப்பரப்பு என்றே சேர்க்கிறேன், 'ப்'-ஓடு. இமேஜிங்குக்கு 'நிலைத்தெளிவு'. மறுப்பு இருந்தால் திங்களுக்குள் எழுதுங்கள்.