அணையில மீன்பிடி அளவைக் குறைச்சுட்டாங்க: அப்பாவுக்கு என்ன உதவி கிடைக்கும்?

அணைக்கரை:
வணக்கங்க. அப்பா அணையில பரிசல் ஓட்டிச் செவுள் வலை போடறவருங்க. வயசு 54, சங்க உறுப்பினர். ஒரு பரிசலுக்கு இத்தனை வலைதான், வாரத்துல இத்தனை நாள்தான்னு இந்த வருசம் குறைச்சுட்டாங்க. தடைக்கால நிவாரணம் 8,000 ரூபாய்க்கு இ-சேவையில கேட்டா, நம்ம மாவட்டத்துக்கு வராதுங்கறாங்க. நிசந்தானுங்களா?

வலைக்கயிறு:
நிசந்தாங்க தம்பி. அந்த 8,000 கடலோர மீனவக் குடும்பத்துக்கு. கிழக்குக் கடற்கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகக் கூடாதில்லீங்களா, அதுக்கான தொகை.

பிரதமரின் மத்ஸ்ய சம்பதா யோசனாவுல வாழ்வாதார உதவின்னு ஒண்ணு இருக்குது. மீனவர் பங்கு 1,500, அரசுப் பங்கு 3,000, ஆகமொத்தம் 4,500. மீன்பிடிப்பு இல்லாத மூணு மாசத்துக்கு மாசம் 1,500 வீதம் வரும். 18 முதல் 60 வயசு, ஏழ்மைக் குடும்பம், நடப்புல இருக்கற சங்கத்துல உறுப்பினர். நெறிமுறையில உள்நாட்டு மீனவருக்கும் இடமுண்டு. ஆனா தன் பங்கு 1,500 கட்டலீன்னா அரசுப் பங்கும் வராது. சங்கத்துலிருந்து பெயர்ப்பட்டியல் போயிருக்குதான்னு செயலாளர்கிட்ட முதல்ல கேட்டுப்போடுங்க.

எடைச்சீட்டு:
அளவு குறைஞ்சதுக்கு ஈடுன்னு இதுல எதையும் நினைச்சுக்காதீங்க. அதுக்குத் தனியா மனுப் போடோணும். யாருக்குன்னுதான் பலரும் தடுமாறறாங்க. மேட்டூர்ல மீன்வளத்துறை உரிமம். பவானிசாகர், ஆழியாறு, அமராவதி எல்லாம் மீன்வளர்ச்சிக் கழகத்துக் கீழ. அப்பாவோட அட்டையிலயும் எடைச்சீட்டுலயும் யார் முத்திரைன்னு பாருங்க, அவங்களுக்குத்தான் மனு. நகலை ஆட்சியர் அலுவலகத்துல திங்கக்கிழமை குறைதீர் நாள்ல குடுத்து ஒப்புகை எண் வாங்கிக்குங்க.

குறைப்புக்கு முந்தின வருசத்து எடைச்சீட்டையும் இந்த வருசத்ததையும் மாசவாரியா எதிரெதிரா எழுதி இணைச்சுருங்க. "வருமானம் போச்சு"ன்னு மட்டும் எழுதற மனு அப்படியே கெடப்புல போயிரும். குறைச்ச உத்தரவு நகலும், அந்த வருசம் அணையில விட்ட மீன்குஞ்சு எண்ணிக்கையும் தகவல் உரிமைச் சட்டத்துல கேளுங்க: 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு. 30 நாள்ல பதில் வரோணும். கட்லா, ரோகு குஞ்சு எத்தனை விட்டாங்கன்னு தெரியாம அளவைப் பத்திப் பேசவே முடியாதுங்க.

வலைக்கயிறு:
அதே மத்ஸ்ய சம்பதா திட்டத்து விபத்துக் காப்பீட்டையும் விட்டுறாதீங்க. வயசு 18 முதல் 70, மீனவர் பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. இறப்புக்கோ முழு ஊனத்துக்கோ 5 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 2.5 லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000. பட்டியல்ல பேர் இருந்தாத்தான் கிடைக்கும். கையில காசு முடையா இருந்தா மீனவருக்கும் கிசான் கடன் அட்டை உண்டு: 7 சதவீதம் வட்டி, தவணை தவறாமக் கட்டினா 3 சதவீதம் குறையும். மீன்பிடி அனுமதி யார் பேர்ல இருக்குதோ அவங்கதான் விண்ணப்பிக்கோணும், நீங்க உங்க பேர்ல போட்டாத் தள்ளுபடிதான்.

அணைக்கரை:
ரொம்ப நன்றிங்கண்ணா. சங்கப் பட்டியல்ல அப்பா பேரு இருக்குதுங்க. 1,500 கட்டியாச்சு, பணந்தான் வரலை. பாஸ்புக்குல ஆதார் இணைச்சிருக்குன்னு பேங்குல சொல்றாங்க.

எடைச்சீட்டு:
கணக்குல ஆதார் எண் பதியறது வேற, மானியம் இந்தக் கணக்குக்குத்தான் வரோணும்னு ஆதாரோட இணைக்கற சீடிங் வேற. சீடிங் ஒரே ஒரு வங்கிக் கணக்குலதான் நிக்கும், கடைசியா எங்க செஞ்சாங்களோ அங்க. பட்டியல்ல எந்தக் கணக்கு எண் எழுதியிருந்தாலும் ஆதார் வழியா அனுப்புன பணம் அங்கதான் போகும். நூறுநாள் வேலைக் கூலி எந்த வங்கியில விழுந்துச்சுன்னு பாருங்க, பெரும்பாலும் அதுலயே வந்து கெடக்கும். மை ஆதார் தளத்துல "வங்கி சீடிங் நிலை" பார்த்தா வங்கிப் பேரு காட்டும். மாத்தோணும்னா அப்பாவே பேங்குக்கு நேர்ல போய்ச் சம்மதப் படிவம் எழுதிக் குடுக்கலாம். ஆதார்லயும் சங்கப் பதிவேட்டுலயும் முதலெழுத்து ஒரே மாதிரி இருக்குதான்னு சரிபார்த்துட்டுப் போங்க. "கி. பழனி"யும் "பழனி கி"யும் அவங்களுக்கு ரெண்டு ஆளு.