அவசரம்: கோழி கூனிக்கிட்டு நிக்குது, வால் தொங்குது. என்ன மருந்து?

நித்தி_செலிட்டார் · செவ்வாய், காலை 7.12
வணக்கம். ஒரு கோழி ரெண்டு நாளா சரியில்ல. ஒரே இடத்துல கூனிக்கிட்டு நிக்குது, வால் தொங்குது, தீனிய கொத்தல. முட்டைப் பெட்டிக்குள்ள போய் உக்காருது, எந்திரிச்சு வருது, முட்டை இல்ல. என்ன மருந்து குடுக்கணும்? சிங்கப்பூர் தேக்கா கடைங்கள்ல கிடைக்கிற மாதிரி சொன்னா நல்லது. வேலைக்குக் கிளம்பணும், சாயங்காலம் வந்து பாக்குறேன்.

கொக்கரக்கோ_65 · காலை 7.40
வயது? இனம்? மொத்தம் எத்தனை கோழி, மற்றவை எப்படி இருக்கின்றன? எச்சம் என்ன நிறம்? கடைசி முட்டை எப்போது, ஓடு எப்படி இருந்தது? வயிற்றைத் தொட்டுப் பார்த்தீர்களா? இதில் ஒன்றுகூட எழுதாமல் மருந்து கேட்டால் இங்கே சோழி உருட்டித்தான் பார்க்க வேண்டும். கேள்விப் பட்டியல் பக்கத்தின் உச்சியிலேயே இருக்கிறது. அதை யாராவது படித்தால் அன்று மழை கொட்டும்.

தேவகோட்டைத்_தம்பி · காலை 8.05
ப்ரோ, இது வெள்ளைக்கழிச்சல், ராணிக்கெட். சின்ன வெங்காயம் 5, பூண்டு 5 பல், சீரகம் ஒரு டீஸ்பூன், மிளகு 5, மஞ்சத்தூள் அரை டீஸ்பூன், கீழாநெல்லி ஒரு கைப்பிடி. அரைச்சு சுண்டைக்காய் அளவு உருட்டி காலை, மாலை வாயில போடுங்க. எல்லாமே தேக்காவுல கிடைக்கும், கீழாநெல்லி மட்டும் தொட்டி ஓரத்துல தானா முளைச்சிருக்கும்.

ஜாலான்காயு_அக்கா · காலை 8.31
தம்பி, வெள்ளைக்கழிச்சல் ஒரு கோழியோட நிக்காது. கூண்டையே ஒரு சுத்து சுத்தும். பச்சைக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குறது, கழுத்து திருகிக்கிறதுன்னு வரும். முட்டைப் பெட்டிக்குப் போய்ப் போய் வர்றது, வால் தொங்குறது எல்லாம் பின்பக்கத்துப் பிரச்சினை.

நித்தி, வீட்டுக்கு வந்ததும் இதைச் செய்யுங்க. கோழியை மல்லாக்கப் போடாதீங்க. கோழிக்கு நம்மள மாதிரி உதரவிதானம் கிடையாது. வயித்துல எது வீங்கியிருந்தாலும் மல்லாத்தினா நேரா காற்றுப்பைகளை அமுக்கி, கைக்குள்ளயே மூச்சு நின்னுடும். நிக்க வச்சே பின்னாலிருந்து ரெண்டு காலுக்கும் நடுவுல உள்ளங்கையைக் கொடுங்க. நெஞ்செலும்பு முடியற இடத்துலேர்ந்து எச்சத் துளை வரைக்கும் தடவிப் பாருங்க. கூண்டுல இருக்கிற நல்ல கோழியை முதல்ல தடவிட்டு அப்புறம் இதைத் தடவினா வித்தியாசம் கைக்கே தெரியும்.

பிசைஞ்ச சப்பாத்தி மாவு மாதிரி மெத்துன்னு இருந்தா சரி. துளைக்குப் பக்கத்துல எலுமிச்சை அளவுல ஒரே ஒரு கெட்டி உருண்டை இருந்தா முட்டை சிக்கியிருக்கு. தண்ணி ஊத்தின பலூன் மாதிரி, ஒரு பக்கம் தட்டினா மறுபக்கம் அலை அடிச்சா உள்ள நீர். கட்டை மாதிரி கெட்டியா, ஒரு வடிவமில்லாம கிடந்தா முட்டைக்குழாய்ல சீழ் உறைஞ்சு கட்டியாயிருக்கலாம், இல்ல புத்துநோய்.

துளைக்கு ரெண்டு பக்கமும் இடுப்பெலும்பு முனை கூர்மையாத் தெரியும். அதுக்கு நடுவுல ரெண்டு மூணு விரல் போனா முட்டை போட்டுக்கிட்டிருக்கிற கோழி. ஒரு விரல்தான் போகுதுன்னா நிறுத்தி நாளாச்சு.

கூண்டுக்காரன் · காலை 9.10
இந்த ஊர் வெயில யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. 33 டிகிரியில நாள் பூரா மூச்சிரைச்சா ரத்தத்துல கரியமில வாயு குறையும், அதோட ஓடு கட்டத் தேவையான கார்பனேட்டும் குறையும். அதான் ஓடு கட்டாத தோல்முட்டை வருது. ஒரு ஓட்டுக்கே 2 கிராம் கால்சியம் வேணும், அது ஓட்டுப்பையில 20 மணி நேரம் உக்காந்து கட்டுறது. கால்சியம் இல்லன்னா தள்ளுற தசைக்கும் பலம் இருக்காது, முட்டை சிக்கும். மனுஷங்க சாப்பிடுற கால்சியம் சிட்ரேட் மாத்திரை தினம் ஒண்ணு, மூணு நாளைக்கு. சிப்பி ஓடு தனிக் கிண்ணத்துல. கூண்டு மேல நிழல் வலை. நூத்துல தொண்ணூறு இதுதான்.

கொக்கரக்கோ_65 · காலை 9.26
தொண்ணூறு என்ற கணக்கை எங்கே எண்ணினீர்கள்? முட்டை போடாத கோழிக்குக் கால்சியத்தைத் திணித்தால் சிறுநீரகம்தான் அடி வாங்கும். லேயர் தீனியிலேயே, அதாவது முட்டைக்கோழித் தீனியிலேயே, ஏறத்தாழ 4 சதவீதம் கால்சியம் இருக்கிறது. முட்டை நின்ற கோழிக்கு அதுவே அதிகம். கேட்டவர் இன்னும் வயதைச் சொல்லவில்லை என்பதை நினைவூட்டுகிறேன்.

மாடிவீடு_ஈசூன் · மதியம் 12.48
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல தாழ்வாரத்துல ரெண்டு கோழி வச்சுக்கலாமா? சேவல் இல்ல, சத்தம் வராது.

கொக்கரக்கோ_65 · மதியம் 12.55
கூடாது. வீவக வீட்டில் கோழிக்கு அனுமதி இல்லை. தனியார் தரைவீட்டில் 10 வரை வளர்க்கலாம், அதுவும் வெளிப்பறவை நுழைய முடியாத வலைக்கூண்டில்.

தேவகோட்டைத்_தம்பி · மதியம் 1.15
பெட்டைக்கோழி சத்தம் போடாதுன்னு யாரு சொன்னது. முட்டை போட்டுட்டு அரை மணி நேரம் ஊரையே கூட்டும். 2017ல சின் மிங் அவென்யூல சுத்துன கோழிங்கள சத்தம்னு புகார் வந்துதான் பிடிச்சாங்க.

ஜாலான்காயு_அக்கா · மதியம் 1.30
ரெண்டு பேரும் தனி இழை போடுங்கப்பா.

நித்தி_செலிட்டார் · இரவு 8.20
மன்னிக்கணும், இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். வயசு நாலரை. பழுப்பு ஹைப்ரிட். மொத்தம் 4, மத்த மூணும் நல்லா இருக்கு. போன மாசம் மூணு தோல்முட்டை போட்டுச்சு, அப்புறம் 12 நாளா ஒண்ணும் இல்ல. எச்சம் தண்ணியா, முட்டை மஞ்சள் மாதிரி திப்பி திப்பியா. லேயர் தீனி, மிச்ச இட்லி, சோறு. வயித்தைத் தடவினேன், அக்கா சொன்ன பலூன்தான். அடியில இறகு கொட்டி சிவந்திருக்கு. கொண்டை ஓரத்துல ஊதா.

ஜாலான்காயு_அக்கா · இரவு 8.41
நல்ல வேளை, இப்போ படம் தெரியுது. இந்த ஹைப்ரிட் முதல் வருஷத்துலயே 300 முட்டைக்கு மேல போட வளர்த்த ஜாதி. நாலு வயசுக்கு மேல முட்டைக்குழாய் ஓஞ்சுபோகும். சூலகத்துலேர்ந்து விழற மஞ்சள் கரு குழாய்க்குள்ள போகாம வயித்துக்குள்ளயே விழும். உடம்பு அதை உறிஞ்சப் பாக்கும். அடிக்கடி விழுந்தாலோ கிருமி சேர்ந்தாலோ அழற்சி வந்து நீர் கட்டும். தோல்முட்டை, அப்புறம் முட்டையே இல்லாம பெட்டிக்குப் போறது, மஞ்சள் திப்பி, பென்குயின் மாதிரி நிமிர்ந்து நடக்குறது எல்லாம் இதோட வரிசை. சூலகப் புத்துலயும் இதே நீர் கட்டும், தடவிப் பாத்து ரெண்டையும் பிரிக்க முடியாது. ஸ்கேன்தான்.

ஊதா கொண்டைன்னா மூச்சுக்கும் ரத்த ஓட்டத்துக்கும் இழுபறின்னு அர்த்தம். நாளைக்கே பறவை பாக்குற வெட்கிட்ட (கால்நடை மருத்துவர்) போங்க. இன்னிக்கு ராத்திரி கட்டை மேல ஏத்தாதீங்க, தரையில துணி விரிச்சு தனியா வைங்க. வெதுவெதுப்பான தண்ணியில உக்கார வைக்கிற வைத்தியம் முட்டை சிக்கினதுக்கு. அதுக்கு 38 டிகிரி, வயிறு மூழ்கற அளவு, 20 நிமிஷம். எப்சம் உப்பு போட்டாலும் போடாட்டாலும் வேலை செய்யறது சூடுதான். உங்க கோழிக்கு அது வேண்டாம், நனைஞ்சு நடுங்கறதுதான் மிச்சம். சோறு, இட்லியை நிறுத்திட்டு ஊறவச்ச தீனி கொஞ்சமா வைங்க. காலையில தீனி வைக்கிறதுக்கு முன்ன கழுத்தடிப் பையைத் தொட்டுப் பாருங்க. ராத்திரியிலேயே காலியாயிருக்கணும். புளிச்ச வாடையோட தளதளன்னு இருந்தா அதையும் வெட்கிட்ட சொல்லுங்க.

கூண்டுக்காரன் · இரவு 9.02
நீர்தானே, 18 நம்பர் ஊசியும் சிரிஞ்சும் இருந்தா வீட்டுலயே இறக்கிடலாம். வீடியோ நிறைய இருக்கு.

கொக்கரக்கோ_65 · இரவு 9.08
அறிவுரை என்ற பெயரில் கொலைக்குறிப்பு எழுத வேண்டாம். ஊசி குடலில் ஏறும், கல்லீரலில் ஏறும். ஒரே மூச்சில் வடித்தால் ரத்த அழுத்தம் விழுந்து கோழி மேசையிலேயே சாயும். காரணம் அப்படியே இருந்தால் சில நாளில் நீர் மறுபடி கட்டும். மருத்துவர் ஸ்கேன் பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பது வேறு கதை.

தேவகோட்டைத்_தம்பி · இரவு 9.20
வெட்கிட்ட போனா என்ரோஃப்ளாக்சசின்ங்கிற ஆன்டிபயாட்டிக்தான் எழுதுவாங்க. அமெரிக்காவுல 2005லயே கோழிக்குத் தடை பண்ணின மருந்து. முட்டையில இறங்கும், குழந்தைங்க சாப்பிடும். மஞ்சளும் பூண்டும் எவ்வளவோ மேல்.

கொக்கரக்கோ_65 · இரவு 9.33
தடை வந்தது பண்ணைக் கோழியில் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகி மனிதர்களுக்குத் தொற்றும் என்பதற்காக. வயிற்றில் நீர் கட்டிய ஒற்றைக் கோழிக்குப் பூண்டு உருண்டை கொடுங்கள் என்று அந்த உத்தரவில் எழுதவில்லை. முட்டையில் இறங்கும் என்பது மட்டும் சரி. ஒரு மஞ்சள் கரு கடைசியாகப் பெருக்க 10 நாள் ஆகும். அந்த நாளெல்லாம் மருந்து அதில் சேரும். எத்தனை வாரம் முட்டையை வீச வேண்டும் என்று மருத்துவரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். வெங்காயத்தைத் தினமும் கொடுத்தால் பறவைக்கு ரத்தச் சிவப்பணு உடையும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தேவகோட்டைத்_தம்பி · இரவு 9.36
எங்க பக்கத்துல தலைமுறை தலைமுறையா குடுக்குறோம் சார். எந்தக் கோழிக்கும் சிவப்பணு உடையல.

கொக்கரக்கோ_65 · இரவு 9.37
எண்ணிப் பார்த்தீர்களா?

ஜாலான்காயு_அக்கா · இரவு 9.50
நித்தி, முட்டையை நிறுத்தற ஊசி பத்தியும் கேளுங்க. டெஸ்லோரலின், 4.7 மில்லிகிராம், தோலுக்கடியில வைக்கிற சின்னக் குச்சி. மஞ்சள் கரு விழறதையே சில மாசம் நிறுத்தும். வேலை முடிஞ்சா திரும்ப வைக்கணும், விலை கூட. புத்தா இருந்தா அதனால பெரிய பலன் எதிர்பார்க்க முடியாது. அதனால ஸ்கேன் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. இன்னொண்ணு, மத்த மூணுல ஏதாவது ஒண்ணு திடீர்னு செத்தாலோ மூச்சு வாங்கினாலோ வெட் பாக்குற வரைக்கும் காத்திருக்காம விலங்குநல மருத்துவச் சேவைக்குச் சொல்லிடுங்க. பறவைக் காய்ச்சல் விஷயத்துல விளையாடக் கூடாது.

நித்தி_செலிட்டார் · வியாழன், மாலை 6.15
போயிட்டு வந்தாச்சு. முட்டை இல்ல, நீர்தான். ஸ்கேன்ல கட்டி ஒண்ணும் தெரியலயாம். 160 மில்லி எடுத்தாங்க. மருந்து 10 நாள், குச்சியும் வச்சாச்சு. இப்போ நடக்குது, தர்பூசணி கொத்துச்சு. எல்லாருக்கும் நன்றி.

கூண்டுக்காரன் · மாலை 6.40
மொத்தம் எவ்வளவு ஆச்சு? எந்த மருந்து?

மாடிவீடு_ஈசூன் · மாலை 7.02
காடை வச்சுக்கலாமா?

கூண்டுக்காரன் · சனி, காலை 10.11
நித்தி?