ஏஐ எழுதும் தொழில் கதைகளில் பொறியியலாளர் எல்லாம் ஆண், தாதி எல்லாம் பெண்: எப்படிச் சோதிப்பது, எப்படித் திருத்துவது?

களுதாவளை டீச்சர் (கேள்வி)

சாதாரண தரம் முடித்த பிள்ளைகளுக்குத் தொழில் வழிகாட்டல் கையேடு தயாரிக்கிறோம், மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டத்துக்கும். ஒவ்வொரு தொழிலுக்கும் ஒரு பக்கக் கதை, ஒரு படம். சாட்ஜிபிடியிடம் கேட்டால் நீர்ப்பாசனப் பொறியியலாளர், வங்கி முகாமையாளர், படகு இயந்திரம் திருத்துபவர் எல்லாரும் ஆண். தாதியும் முன்பள்ளி ஆசிரியரும் பெண். "பாலினச் சமத்துவத்தோடு எழுது" என்று சேர்த்தால் பொறியியலாளர் பெண்ணாக மாறுகிறார்தான். ஆனால் கணவர் அனுமதித்தார், ஊரே வியந்தது என்று கதை போகிறது, அவர் செய்யும் வேலையைக் காணோம். கோடிங் தெரிந்தவர் எங்களிடம் இல்லை. என்ன செய்யலாம்?

வாவிக்கரை

டீச்சர், சமத்துவமாக எழுதச் சொல்லிக் கேட்பதால் பலன் குறைவு. யார் ஆண், யார் பெண் என்பதை அதனிடம் விடாமல் நீங்களே தீர்மானித்துக் கொடுங்கள். சாட்ஜிபிடி போன்றவற்றை இயக்கும் மொழி மாதிரிகள் (மொடல்கள்) அதிக வாய்ப்புள்ள சொல்லின் பக்கம் சாய்பவை. படித்த தரவில் இருக்கும் சாய்வை அப்படியே திருப்பித் தருவதோடு நிற்பதில்லை, பெருக்கியும் விடும். 2017இல் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், பயிற்சித் தரவில் சமையல் காட்சிகளில் பெண்கள் வரும் வாய்ப்பு ஆண்களைவிட 33% அதிகமாக இருந்தது. அந்தத் தரவில் பயிற்சி பெற்ற கணினி மாதிரி அந்த இடைவெளியை 68% ஆக்கியது. யுனெஸ்கோ 2024இல் வெளியிட்ட ஆய்விலும், ஒரு மொழி மாதிரி பெண்களை வீட்டு வேலையோடு இணைத்து எழுதியது ஆண்களைவிட நான்கு மடங்கு.

முதலில் எண்ணிப் பாருங்கள். 20 தொழில், ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி 10 தடவை, ஒவ்வொரு தடவையும் புதிய உரையாடலில். நினைவக வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் முன்பு சமத்துவம் பற்றிப் பேசியது விடையில் கலந்து, சாய்வு குறைவாகத் தெரியும். பாத்திரத்துக்குப் பெயர் வைக்கச் சொல்வது முக்கியம். "வந்தார், பார்த்தார்" என்றே ஓடும் கதையில் எதையும் எண்ண முடியாது.

எக்செல்லில் மூன்று நிரல் போதும்: பெயரின் பால், அந்த ஆள் தானாக எடுத்த முடிவுகள் எத்தனை, குடும்பம் பற்றிய வாக்கியங்கள் எத்தனை. "கணவர் அனுமதித்தார்" பிடிபடுவது மூன்றாவதில். ஆண், பெண் எண்ணிக்கை பாதிக்குப் பாதி வந்த பிறகும் சாய்வு தங்கியிருப்பது பெரும்பாலும் கடைசி இரண்டு நிரலில்தான், ஆகவே இவற்றை விட்டுவிடாதீர்கள்.

திருத்த வேண்டிய இடத்தில், நாணயம் சுண்டித் தொழில்களுக்குப் பால் ஒதுக்குங்கள். பிறகு இப்படிக் கேளுங்கள்: "பெயர் நிரோஷா, வயது 34, நீர்ப்பாசனப் பொறியியலாளர், அம்பாறை. சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து சிறுபோகத்துக்கு நீர் திறக்கும் நாளில் அவர் செய்யும் வேலை. 250 சொல். மூன்று தொழில்நுட்ப முடிவுகளை அவரே எடுக்க வேண்டும். திருமணம், குடும்பம், ஊரார் வியப்பு எதுவும் வேண்டாம்." அடுத்து இன்னொரு புதிய உரையாடலில் நிரோஷாவை நிரோஷன் ஆக்கி, மற்றதில் ஒரு சொல்லும் மாற்றாமல் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவர் "உத்தரவிட்டார்", மற்றவர் "பணிவோடு கேட்டார்" என்பது உடனே கண்ணில் படும். பாத்திமா, ரிஸ்வான் என்ற பெயர்களிலும் கட்டாயம் செய்யுங்கள். சமூகப் பெயர் மாறும்போது பெண் பாத்திரத்தின் வேலை சுருங்குகிறதா என்பது எங்கள் மாவட்டங்களில் தனியாகப் பார்க்க வேண்டிய விடயம்.

அக்கரைப்பற்று வாசகி

விவசாயப் பக்கத்தில் காணி பற்றி எழுதுவீர்கள் என்றால் கவனம். 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் வாரிசுரிமையில் ஆண்களுக்கு முன்னுரிமை கொடுத்தது. 2022இல் திருத்தம் வந்து அந்தப் பாகுபாடு நீக்கப்பட்டது. ஆனால் இணையத்தில் பழைய விளக்கம்தான் நிறைய, ஏஐ அதைச் சட்டம் என்று எழுதிவிடும். குடியேற்றத் திட்டக் காணி இருக்கும் அம்பாறையில் ஒரு பெண் பிள்ளை அதை நம்பினால் உரிமையே போகும். ஆகவே காணி பற்றிய எந்த வரியையும் பிரதேச செயலகக் காணிக் கிளையில் காட்டாமல் அச்சுக்குக் கொடுக்க வேண்டாம். அதோடு, கதைகளில் "தந்தையின் வீடு மகனுக்கு" என்று வந்தால் வெட்டுங்கள். சீதனமாக வீடு மகளுக்குப் போகும் தாய்வழி வழக்கம் உள்ள இடம் இது.

களுதாவளை டீச்சர்

நன்றி, திங்கட்கிழமை எண்ணத் தொடங்குகிறோம். படங்கள்? இயந்திரம் திருத்தும் பெண்ணைக் கேட்டால் கல்யாண வீட்டு அலங்காரத்தில் ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

வாவிக்கரை

தொழிலின் பெயரை விட்டு, கையும் கண்ணும் என்ன செய்கின்றன என்று சொல்லுங்கள்: "40 வயதுப் பெண், எண்ணெய் படிந்த சட்டை, ஸ்பானரை நட்டில் வைத்துத் திருகுகிறார், பார்வை இயந்திரத்தில், கமராவைப் பார்க்கவில்லை." வயதைச் சொல்லாவிட்டால் பெண் பெரும்பாலும் இளவயதாகவே வருவார். "பலதரப்பட்டவர்களைக் காட்டு" போன்ற பொதுக் கட்டளை வேண்டாம். கூகுளின் ஜெமினி அப்படிப் பொத்தாம் பொதுவாகச் செய்யப்போய் வரலாற்றுக்கு ஒவ்வாத படங்கள் தந்து, 2024 பெப்ரவரியில் மனிதர் படம் வரைவதையே நிறுத்திவைத்தார்கள்.

ஒலுவில் தரவு

தமிழ் மாதிரியை நீங்களே பயிற்றுவிக்க எண்ணும் யாராவது இதைப் படித்தால் ஒரு குறிப்பு. சாய்வைக் குறைக்கப் பயிற்சித் தரவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பால் மாற்றிய சோடி சேர்ப்பது நல்ல வழி, ஆனால் தமிழில் பெயரை மட்டும் மாற்றினால் "நிரோஷா வந்தான்" என்று உடைந்துவிடும். வினை விகுதியும் மாற வேண்டும். அதற்காக "ஆன்" விகுதியைக் கண்மூடித்தனமாக "ஆள்" ஆக்கினால் "அதுதான்" "அதுதாள்" ஆகும், "நான்" "நாள்" ஆகும். உருபனியல் பகுப்பி (சொல்லைப் பகுதி, விகுதி என்று பிரித்துக் காட்டும் மென்பொருள்) ஒன்றால் வினைமுற்றை அடையாளம் கண்டு, அதை மட்டும் மாற்றுங்கள். மச்சான்–மச்சாள், மாமா–மாமி போன்ற உறவுச் சொற்களுக்குக் கையால் பட்டியல் எழுதுங்கள். மாற்றியதில் 200 வாக்கியத்தையாவது எங்கள் பேச்சுத்தமிழ் தெரிந்த இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துப் பார்க்க வேண்டும், அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும்.